எல்சியைத் தூக்கி வந்த வழி

ஹாக்ஸ்பி,
செப்டம்பர் 1993

அன்புள்ள மாவிஸுக்கு,

உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து விடுதி வாசலுக்கு நடப்பதற்குள் வெயிலில் செருப்பின் அடி இளகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே அந்தக் கவலை இல்லை, போன வாரம் முழுக்க மழை. கூரை ஒழுகவில்லை. உன் ரோஜாச் செடிகளில் காய்ந்த பூக்களைக் கிள்ளிவிட்டேன். பெப்பருக்குப் பின்னங்கால் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் குரைப்பதில் குறை வைக்கவில்லை. ரியாத்தில் ராத்திரிப் பணி அதிகம் போடுகிறார்கள் என்கிறாய். மற்ற நர்சுகளும் பங்கு போட்டுக்கொள்ளட்டும், நீயே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. வீட்டில் இன்னொரு நாய் இருக்கிறது.

பெப்பர் ஒன்றே போதும், அதற்கு மேல் ஓர் உயிரைக்கூட இந்த வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்று நீ ரயிலடியில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இது டகியின் வேலை. நம் சுரங்கக்காரர் கிளப்பில் பீர் ஊற்றுவதோடு அவன் நிறுத்திக்கொண்டிருக்கலாம். டவுனில் நாய்ப் பந்தயத் திடலுக்குப் பின்னால் ஒரு கொட்டடி இருக்கிறதல்லவா, அங்கே ஒரு மூட்டை வைக்கோல் இறக்க வேண்டும், துணைக்கு வா என்று கூட்டிப்போனான். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாய்களை அங்கே ஒரு அம்மாள் வரிசையாக அடைத்து வைத்திருக்கிறாள். யாராவது வீட்டுக்குக் கொண்டுபோனால் சரி, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வைக்கோலை இறக்கிவிட்டு நின்றேன். கறுப்பில் சாம்பல் வரியோடிய ஒரு பெட்டை நாய் வந்து என் தொடையில் தன் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு நின்றது. குரைக்கவில்லை, வாலாட்டவில்லை. சும்மா சாய்ந்தது. சுரங்கம் மூடிய பிறகு என்மேல் யாரும் எதற்கும் சாய்ந்ததில்லை, மாவிஸ்.

பந்தயத்தில் அவள் பெயர் வெல்வெட் ராக்கெட். அந்தப் பெயரைத் தெருவில் நின்று கூப்பிட எனக்கு வெட்கம், அதனால் எல்சி. டகி அவள்மேல் பணம் கட்டித் தோற்றவன். காரில் திரும்பி வரும்போது கண்ணாடியில் அவளைப் பார்த்து, "இப்ப எவ்ளோ நல்லவ மாதிரி உக்காந்திருக்கா பாரு, பாதகி" என்று திட்டிக்கொண்டே வந்தான். ஆனால் அவள் உட்காரவில்லை. இந்த நாய்களுக்கு உட்காரத் தெரியாது. நிற்கும், இல்லாவிட்டால் படுக்கும்.

இவளுக்கு வீடு என்றால் என்னவென்றே தெரியவில்லை. பின்கதவுக் கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டாள். கூடத்து நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள். மாடிப்படியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து நடுங்கினாள். நான் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் பழக்கினேன். மேலே போய்விட்டாள், இறங்கத் தெரியவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன், என் முதுகைப் பற்றி நீ எழுத வேண்டியதில்லை, பக்கத்து வீட்டு எனிட் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். எனிட்டின் பூனை வேலி தாண்டி வந்து எல்சியின் மூக்கில் ஒரு அறை வைத்தது. மணிக்கு நாற்பது மைல் ஓடக்கூடியவள் என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பெப்பர் நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டது. எல்சிக்கு வாங்கிய பெரிய மெத்தையில் பெப்பர் நடுவில் படுக்கிறது, எல்சி அதன் கூடையில் முன்னங்கால்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதி உடம்பைத் தரையில் போட்டுத் தூங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை அடுப்படி மேடையில் ஆறவைத்த ஆட்டுத்தொடை முழுசாகக் காணாமல் போனது. எல்சி கழுத்தை நீட்டினால் போதும், எம்ப வேண்டிய அவசியமில்லை.

நான் பத்து மணிக்கு முன் எழுவதில்லை என்று எனிட் உனக்கு எழுதியிருப்பாள். இனி அப்படி எழுத மாட்டாள். காலையில் ஒரு நீண்ட ஈர மூக்கு வந்து என் காதுக்குள் நுழைகிறது. எழுந்து நடக்கிறோம், மூவரும்.

திருப்பி அனுப்பு என்று மட்டும் எழுதிவிடாதே.

உன்,
ட்ரெவர்

•

ஹாக்ஸ்பி,
அக்டோபர் 1993

அன்புள்ள மாவிஸுக்கு,

நீ அனுப்பிய பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. பெட்டியை எல்சிதான் திறந்தாள். எனக்கும் இரண்டு மிஞ்சின.

நீ திட்டுவாய் என்று பயந்தேன். 'அவளுக்குத் தோல் மெல்லியது, குளிருக்குக் கோட்டு தைத்துப் போடு' என்று நீ எழுதியிருந்த வரியை எனிட்டிடம் காட்டினேன். அவள் உன் பழைய பச்சைக் கம்பளியில் ஒன்று தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு எல்சி தெருவில் போனால் மேயரின் மனைவி போவது போல் இருக்கிறது.

ஒரு விஷயம். சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன். மேய்ச்சல் வெளிக்குப் போகிற வழி உன் அண்ணன் வீட்டு வாசல் வழி. நான் எப்போதும் அந்த முனையில் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவேன், உனக்குத் தெரியும். சுரங்க ஸ்ட்ரைக் முடிய ஒரு மாதம் இருக்கையில் நார்மன் போலீஸ் காவலோடு வந்த பஸ்ஸில் ஏறி வேலைக்குத் திரும்பினான். அன்றிலிருந்து இந்த ஊரில் அவன் பெயர் கருங்காலி. ஒன்பது வருடமாக நீ அவன் பெயரை இந்த வீட்டில் எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலிருந்து ஏன் அவ்வளவு தாமதமாக வருகிறாய் என்று நானும் கேட்டதில்லை.

எல்சிக்கு இதெல்லாம் தெரியாது. அவன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மேஜர் நிற்கிறது. பீப்பாய்க்குக் கால் முளைத்த மாதிரி ஒரு கிழ லாப்ரடார். எல்சி அதைப் பார்த்ததும் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டுவிட்டாள். இழுத்தேன், அசையவில்லை. கதவுக் கம்பி வழியாக இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கின்றன. பெப்பர் வேறு, மேஜரைத் தன் சொந்தப் பெரியப்பா போல நக்குகிறது. நார்மன் உள்ளேயிருந்து வந்தான். அவன் வானத்தைப் பார்த்தான். நான் தந்திக் கம்பத்தைப் பார்த்தேன்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஒரு நாள் அவன் குனிந்து மேஜரிடம் பேசினான். "ஏண்டா மேஜர், இந்தப் பொண்ணுக்கு வீட்ல சோறே போடமாட்டாங்களா? விலா எலும்பெல்லாம் தெரியுதே."

நான் எல்சியிடம் சொன்னேன். "பந்தயத்துல ஓடின உடம்பு இப்படித்தான் இருக்கும்னு சொல்லும்மா. சில வீட்டு நாய் மாதிரி நடக்கும்போதே மூச்சு வாங்காதுன்னும் சொல்லு."

அவன் மேஜரின் காதைச் சொறிந்தான். பிறகு, "மேஜர், சாயங்காலம் மழை புடிச்சுக்கும்னு ரேடியோல சொன்னான். அவங்கள சீக்கிரமா வீடு போய்ச் சேரச் சொல்லு" என்றான்.

"எல்சி, நமக்கு வானம் பாக்கத் தெரியும்னு சொல்லிடு" என்றேன். நனைந்துகொண்டுதான் வீடு வந்தோம்.

இப்போது அவன் ரொட்டி ஓரங்களைப் பையில் வைத்திருக்கிறான். எல்சிக்கு ஒன்று, பெப்பருக்கு ஒன்று, மேஜருக்கு இரண்டு. இதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அவனோடு பேசவில்லை, என் நாயோடு பேசினேன். டகி உனக்கு எழுதிக் கேட்டால் அதையே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நிறையத் தண்ணீர் குடி.

உன்,
ட்ரெவர்

•

ஹாக்ஸ்பி,
நவம்பர் இறுதி, 1993

அன்புள்ள மாவிஸுக்கு,

மூன்று வாரமாக நான் எழுதவில்லை. எனிட் முந்திக்கொண்டு எழுதியிருந்தால் பாதி தப்பாக எழுதியிருப்பாள், அவளுக்கு அழுதுகொண்டே எழுதும் பழக்கம். நடந்ததை நான் சொல்கிறேன். எல்லோரும் நலம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகப் படி.

நவம்பர் ஐந்தாம் தேதி ராத்திரி வழக்கம்போல ஊரே வெடி கொளுத்துமே, அந்தச் சத்தத்துக்கு முன்னால் நாய்களை வீட்டுக்குள் அடைத்துவிட வேண்டும் என்று மதியமே நடத்திக் கூட்டிவந்தேன். தெருமுனைக்கு வந்துவிட்டோம். எந்தப் பொடியனோ பொறுக்க முடியாமல் தகர டப்பாவுக்குள் ஒரு வெடியை வைத்துக் கொளுத்திவிட்டான். எல்சி பின்னால் ஒரு எம்பு எம்பினாள். அவள் தலை கழுத்தைவிடச் சின்னது. கழுத்துப்பட்டை என் கையில் இருந்தது, வார் என் கையில் இருந்தது, நாய் இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் தெருக்கோடியில் உன் பச்சைக் கம்பளி ஒரு புள்ளியாகத் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

இந்த நாய்கள் நேராக ஓடும், மாவிஸ். மற்ற நாய் போல மோப்பம் பிடித்துத் திரும்பி வரத் தெரியாது. வாழ்நாள் முழுக்க வட்டமாக ஓடவிட்டவர்கள் அவளுக்கு வீட்டு வழி சொல்லிக் கொடுக்கவில்லை.

டகி கிளப்பைக் காலி செய்து ஆட்களை அனுப்பினான். எனிட் தன் பூனைக்கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள், அதற்குள் எல்சியின் மூக்குகூட அடங்காது. ரயில் பாதை, கரிமேடு, மேய்ச்சல் வெளி, எல்லாம் பார்த்தோம். வானத்தில் வெடி, எங்கள் வாயில் அவள் பெயர். எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு திரும்பினோம். பெப்பர் அந்தப் பெரிய மெத்தையில் படுக்கவில்லை. கதவடியில் படுத்திருந்தது.

காலையில் மறுபடி கிளப்பில் கூடினோம். யார் எந்தப் பக்கம் போவது என்று டகி மேசைமேல் விரலால் கோடு போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். கதவு திறந்தது. உன் அண்ணன் நின்றான். ஸ்ட்ரைக்குக்குப் பிறகு அந்தக் கதவை அவன் தொட்டதில்லை. கோட்டு இல்லை, வெறும் சட்டை. முழங்கால் வரை கறுப்புச் சேறு. எப்போதிலிருந்து தேடுகிறான் என்பது அந்தச் சேற்றைப் பார்த்தாலே தெரிந்தது. மேஜர் அவன் காலடியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

டகி தலையைத் தூக்காமலே, "இந்த வாசல் உனக்கில்ல" என்றான்.

நார்மன் என்னைப் பார்த்து, நேராக என்னைப் பார்த்து, "கரி கழுவுற கொட்டகைக்குப் பின்னாடி கிடக்கா. கம்பி கிழிச்சிருக்கு. உசுரு இருக்கு. தனியா தூக்க முடியாது, ரெண்டு பேர் வேணும்" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொப்பியை எடுத்தேன். "வா, போலாம்" என்றேன். ஒன்பது வருடத்தில் நான் அவனோடு பேசிய முதல் சொல் அதுதான்.

சுரங்க வளாகத்தைப் பாதி இடித்துவிட்டார்கள். வேலிக் கம்பியைத் தாண்டியதில் எல்சியின் தொடைத் தோல் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நார்மனின் கோட்டு அவள்மேல் போர்த்தியிருந்தது. என்னைக் கண்டதும் வாலின் நுனி மட்டும் அசைந்தது. இடித்துப் போட்டிருந்த கதவு ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் அவளைக் கிடத்தினோம். அவன் முன்னால் பிடித்தான், நான் பின்னால். சுரங்கத்தின் இரண்டாம் மட்டத்தில் கூரை சரிந்தபோது எங்கள் கூட்டாளி ஜாக்கை இப்படித்தான் தூக்கி வந்தோம், உனக்கு நினைவிருக்கும், அன்று ஆஸ்பத்திரியில் பணியில் நீதான் இருந்தாய்.

பின்னால் பிடிப்பவனுக்குத் தரை தெரியாது. முன்னால் போகிறவன் குரல் கொடுக்க வேண்டும். அவன் கொடுத்தான். "இடது பக்கம் கல்லு." நான் யோசிக்காமலே, "சரி" என்றேன். "குழி." "சரி." "சறுக்கும், மெதுவா." "சரி." அப்படியே வந்தோம். பாதி வழியில் என் முதுகு பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்குவது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். "கொஞ்சம் இறக்கி வெச்சுக்கலாமா, மச்சான்?" என்றான். வாய் தவறி வந்துவிட்டது போல உடனே வாயை மூடிக்கொண்டான். "வேணாம், மச்சான். நட" என்றேன்.

பாதை பிரியுமிடத்தில் அவன் நின்றான். திரும்பாமலே சொன்னான். "பின் சந்து வழியாப் போயிடலாம். முன் ரோட்ல எல்லாரும் இருப்பாங்க. உனக்குச் சங்கடம்."

"முன் ரோடுதான் கிட்டம். அவளுக்கு வலிக்குது" என்றேன்.

முன் ரோட்டிலேயே வந்தோம், மாவிஸ். பட்டப்பகலில், ஊர் முழுக்க வாசலில் நிற்க, உன் அண்ணனும் நானும் ஒரு கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நடந்தோம். முன்னால் மேஜர் ஊர்வலத்துக்கு வழிவிடச் சொல்வது போல ஆடி ஆடிப் போனது. ஒருவன் எங்களைப் பார்த்துத் தன் வீட்டுக் கதவைச் சாத்தினான். அது அவன் இஷ்டம். எனிட் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். வாதம் வந்த கையை நீட்டிக்கொண்டு, "நார்மன், கை கடுக்குதாப்பா? நான் மாத்திக்கிறேன், குடு" என்றாள். பூனைக்காரி எனிட்டா ஒரு நாயைத் தூக்குவது என்று நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். கசாப்புக் கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து ஒரு மூலையைப் பிடித்தார். அப்புறம் இன்னொருவர் வந்தார். கிளப் வாசலுக்கு வந்தபோது டகி நின்றிருந்தான். நார்மனை அவன் பார்க்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி எல்சியின்மேல் போட்டான். "நாய்க்குக் குளிருது" என்றான், யாரிடமோ. தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நாய் டாக்டர் வீடு வரை அவன் ஓட்ட, பின்னால் நானும் நார்மனும் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நிறையத் தையல். எலும்புக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "ரத்தத்தைத் துணியால அழுத்திக் கட்டியிருக்கறது யாரு? அதுதான் காப்பாத்தியிருக்கு" என்றார். அது நார்மனின் கழுத்துத்துண்டு.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து மெத்தையில் விட்டோம். பெப்பர் அவள் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. நார்மன் வாசலிலேயே நின்றான். "உள்ள வா, கதவை மூடு, குளிரு வருது" என்றேன். டீ போட்டேன். நம் சமையலறையில் உட்கார்ந்தான். அவன் தலை முழுக்க நரைத்துவிட்டது, பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நிறைய நேரம் இரண்டு பேரும் நாய்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவன் சொன்னான். "நான் எதுக்குத் திரும்ப வேலைக்குப் போனேன்னு நீ ஒருநாளும் கேக்கல, ட்ரெவர்."

"கேக்கல. இப்பவும் கேக்கல. நீ போனது தப்பு. நான் சாகுறவரைக்கும் அதத்தான் சொல்லுவேன். டீயக் குடி, ஆறுது."

"சொல்லிக்கோ. ஆனா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"இப்பப் பாத்துத்தானே சொல்றேன்."

அவன் டீயைக் குடித்தான். பாதி தட்டில் சிந்தியது. தட்டிலிருந்ததையும் எடுத்துக் குடித்தான். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

அதன் பிறகு நடந்தவை. எல்சி மூன்று காலில் குதித்து, பிறகு நான்கிலும் நடந்து, நேற்று மேய்ச்சல் வெளியில் ஓடினாள். நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யாரும் துரத்தச் சொல்லவில்லை, எதிரில் பந்தயத்தில் ஓடவிடும் முயல் பொம்மை இல்லை, பரிசு இல்லை. தனக்காக ஓடினாள். தரையில் கால் பட்டதாகவே தெரியவில்லை. ஒரு சுற்று சுற்றி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். மேஜர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரைத்துப் பாராட்டியது. உன் அண்ணன் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினான், குளிர் என்றான்.

டகி என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. போன சனிக்கிழமை காகிதத்தில் சுற்றிய ஒரு பெரிய எலும்பைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான். "இது மேஜருக்கு. வேற யாருக்கும் இல்ல" என்றான். நான் அதை அப்படியே நார்மனிடம் சொன்னேன். அவன் எலும்பைப் பார்த்து, "மேஜர் நன்றின்னு சொன்னான்னு சொல்லு" என்றான். இப்படியே போனால் வசந்தத்துக்குள் இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

கொட்டடி அம்மாள் வந்து எல்சியைப் பார்த்தாள். வீட்டு வாழ்க்கை தெரியாத நாய்களை ஒவ்வொன்றாக என்னிடம் விடுகிறாளாம். படி, கண்ணாடி, பூனை எல்லாம் பழக்கித் தர வேண்டும், சம்பளம் உண்டு. பெரிய சம்பளமில்லை. ஆனால் வேலை, மாவிஸ். காலையில் எழுந்து பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிற வேலை. நார்மன் பாதி நாளுக்கு வருகிறான். முதல் ஆள் வந்தாயிற்று, செம்பட்டை நிறம், பெயர் இன்னும் வைக்கவில்லை. கசாப்புக் கடைக்காரர் இப்போதே அவனைத் தனக்கு என்று சொல்லி வைத்திருக்கிறார், அது நாய்க்கு நல்ல காலம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன பதில் சொல்ல என்று கேட்டிருந்தாய். உன் இஷ்டம் என்று எழுதினேன், அதைக் கிழித்துப் போட்டேன். நம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் நல்லதுதான் என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். நீ பணத்துக்காக மட்டும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டில் அப்போது இருந்த அமைதியில் யாராலும் இருக்க முடியாது. இப்போது இங்கே அமைதியே கிடையாது. மூன்று நாய், மேஜர் வந்தால் நான்கு, உன் அண்ணன் வேறு ரேடியோவை உரக்க வைக்கிறான்.

வந்துவிடு, மாவிஸ்.

நீ இருக்கும் இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். நல்லது நடக்கிற இடம் இந்த வீடாக இருக்கட்டும்.

உன்,
ட்ரெவர்

கீழே இடம் விட்டிருக்கிறேன், ஒருவர் எழுத வேண்டுமாம்.

மாவிஸ்,
எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். உன் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வா.
அண்ணன்
நார்மன்